கேளுங்கள், சொல்கிறேன்: அரியலூர்க் கடல்

கேள்வி: அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்கிறார்களே, சுனாமி ஏதாவது வந்ததா? (வாசகர், ஜெயங்கொண்டம்)

பதில்: சுனாமி வந்த சூட்டோடு திரும்பிவிடும் ஐயா. இது வந்து குடியேறிய கடல். கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் கிடந்தது. இது நடந்தது கிரெட்டேசியஸ் என்ற புவியியல் காலத்தில்; அது 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. காற்றில் கரியமில வாயு இன்றைவிட அதிகம், அதனால் சூடும் அதிகம். துருவங்களில் இன்றிருப்பதுபோல் பெரும் பனிப்பாளங்கள் இல்லை. கடலடி மலைத்தொடர்கள் வேகமாக வளர்ந்து உப்பியதால், இடம் போதாத தண்ணீர் நிலத்தின்மேல் ஏறியது. போதாக்குறைக்கு, அண்டார்க்டிகாவை விட்டு இந்தியா பிரிந்தபோது கிழக்கு ஓரம் விரிசல் விட்டுத் தாழ்ந்துபோனது. அப்படி உண்டான பள்ளங்களில் ஒன்றுதான் காவிரிப் படுகை. அதன் மேற்கு விளிம்பில் இருக்கிறது அரியலூர்.

சந்தேகமிருந்தால் காரை என்ற ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மழை அரித்த மொட்டைக் களிமண் மேடுகள். வெயிலில் ஜிப்சம் தகடுகள் மினுங்கும். குனிந்து தேடினால் விரல்போல் நீண்டு, ஒரு முனை கூர்ந்த வழவழப்பான கல் அகப்படலாம். அது பெலம்னைட், கணவாய்க்கு உறவுக்காரப் பிராணியின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. உடைந்த துண்டானால், நடுவிலிருந்து ஓரம்வரை கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் இழைகள் கதிர்கதிராக ஓடுவது தெரியும். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுப்பதும் இந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான். அவர்களிடம் இப்படிச் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன்.

கேள்வி: 2020-இல் குன்னத்தில் கிடைத்தவை டைனோசர் முட்டைகள்தானே? (வாசகி, பெரம்பலூர்)

பதில்: இல்லை அம்மா. அம்மோனைட் என்ற கடல் பிராணியின் சுருள் ஓட்டைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள் அவை. வாட்ஸ்அப்பில் அவை குஞ்சு பொரிக்காததுதான் பாக்கி! ஆனால் டைனோசர் எலும்புகள் அரியலூர் அருகே கல்லமேட்டில் உண்மையாகவே கிடைத்திருக்கின்றன. அங்கு கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1980-களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரும் வைத்தார்கள். உரிய பாதுகாப்பில்லாமல் அந்த எலும்புகள் சிதைந்தே போயின. மிஞ்சிய படங்களை வைத்துக்கொண்டு, அந்த விலங்கு எவ்வளவு பெரியது என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு இது ஆறாத வயிற்றெரிச்சல்.

கேள்வி: கடல் இருந்த இடத்தில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரம் எப்படி முளைத்தது? (வாசகர், துறையூர்)

பதில்: முளைக்கவில்லை. கரையில் வளர்ந்த ஊசியிலை இன மரம் தண்ணீரோடு வந்து கடலில் மூழ்கி, வண்டலில் புதைந்து கல்லானது. நீளம் சுமார் 18 மீட்டர். 1940-இல் அதை உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன்.