தோட்டத்துக்கு எவ்வளவு ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். கூடுவாஞ்சேரி பக்கம் 40க்கு 60 மனைல வீடு கட்டி முடிச்சிட்டோம். வீடு 26க்கு 42. முன்னாடி 10 அடி, பின்னாடி 8 அடி, ஒரு சைடு 4 அடி, கார் நிக்கிற சைடு 10 அடி காலியா இருக்கு. பேஸ்மட்டம் 3 அடி உசரம். ஆனா ரோடு எங்க மனையை விட அரை அடி மேல, போன மழைல பின்பக்கம் ரெண்டு நாள் தண்ணி நின்னுச்சு. லேண்ட்ஸ்கேப் பண்றவர் ஒருத்தர் கொட்டேஷன் கொடுத்தார்: 900 சதுர அடி பேவர் பிளாக் 95 ரூபா வீதம் 85,500, கொரியன் புல் 400 சதுர அடி 24,000, ஃபவுண்டன் 70,000, செடி தொட்டி 80,000 (கோனோகார்பஸ் 20 உட்பட), லைட் 45,000, லேபர் இதர செலவு 45,500. ஆக மொத்தம் மூணரை லட்சம். எங்க கைல இருக்கிறது 2 லட்சம். எதை விடறது எதை வெக்கிறது?
– ஒரு வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: மொதல்ல அந்த கொட்டேஷன்ல இல்லாதது என்னன்னு பாருங்க. மண் ஃபில்லிங்னு ஒரு வரி கூட இல்ல, தண்ணி எங்க போகும்னும் ஒரு வார்த்தை இல்ல. தண்ணி நிக்கிற இடத்துல 900 சதுர அடிக்கு பேவர் போட்டா பேவர் மேல தண்ணி நிக்கும், அவ்ளோதான். அந்த 45,500 இருக்கே, அது கணக்குல வந்த தொகை இல்ல, மொத்தத்தை ரவுண்டா மூணரை லட்சம் ஆக்கறதுக்கு போட்டதுன்னு பாத்தாலே தெரியுது.

உங்க காசுல பெரும்பங்கு கண்ணுக்கு தெரியாத வேலைக்குதான் போகணும். செடியை அடுத்த வருஷம் கூட வாங்கலாம், லெவலை அடுத்த வருஷம் மாத்தணும்னா போட்ட பேவரை பூரா பேக்கணும்.

லெவல் எடுக்கிறதுக்கு பெரிய மெஷின் ஒண்ணும் வேணாம், உங்க கொத்தனார் கிட்ட டியூப் லெவல் இருக்கும். அதுல தண்ணி நிரப்பி காத்துக்குமிழி இல்லாம பாத்துக்கிட்டு, ஒரு முனையை கேட் கிட்ட ரோடு மட்டத்துல பிடிச்சு, இன்னொரு முனையை காம்பவுண்ட் செவுரு ஓரமா நகத்திக்கிட்டே போய் அஞ்சடிக்கு ஒரு இடத்துல சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லுங்க. கோட்டுக்கு கீழ தரை எவ்வளவு இறங்கியிருக்குன்னு டேப் வெச்சு அளந்தா எங்க எவ்வளவு மண் வேணும்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும். கூடவே நீங்களே நின்னு பாருங்க, ஃபோன்ல கேட்டுக்காதீங்க.

நீங்க எழுதினதை வெச்சு நான் போட்ட கணக்கு இது. காலி இடம் சுமார் 1,300 சதுர அடி. முன்னாடி 8 இன்ச், பின்னாடி 14 இன்ச் ஏத்தினா பின்னாடிலேந்து ரோட்டை பாத்து 6 இன்ச் வாட்டம் கிடைக்கும். சராசரி 11 இன்ச்னா 1,200 கன அடி, அதாவது 12 யூனிட். தண்ணி விட்டு இடிச்சா மண் அமுங்கும், அதனால 14, 15 யூனிட்டா ஆர்டர் பண்ணுங்க. லோடு கணக்குல பேசாதீங்க, லாரி பாடியோட நீளம் அகலம் உசரம் அளந்து யூனிட் கணக்குல பேசுங்க. அப்புறம் ஃப்ரீயா தர்றாங்கன்னு இடிச்ச வீட்டு கல்லு சிமெண்ட் கழிவை கொட்ட விட்டுடாதீங்க, அதுக்கு மேல எந்த செடியும் உருப்படாது. செடி வெக்கிற இடத்துல மட்டும் மேல ஒரு அடிக்கு கிராவல் (ஃபில்லிங்குக்கு கொட்டற மண்) வேணாம், செம்மண்ணும் தொழு உரமும் கலந்து போடுங்க. பேஸ்மட்டம் 3 அடி இருக்கிறதால இவ்ளோ ஏத்தினாலும் வீட்டுக்கு பாதிப்பில்ல. (அடுத்த தடவை ரோடு போடறவங்க பழசை சுரண்டாம மேலயே போட்டா இந்த 8 இன்ச்சும் பத்தாது, அதுக்கு நம்ம கிட்ட பட்ஜெட் இல்ல.)

அடுத்து மழைத்தண்ணி. உங்க மாடி கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர். ராத்திரி ஒரு 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா மாடிலேந்து மட்டும் 5,000 லிட்டர் இறங்கும். கீழ தரையையும் முழுசா மூடிட்டா இன்னொரு 6,000 லிட்டர். நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல அது ஒண்ணும் அதிசய மழை இல்ல. 2003லேந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்ங்கிறதால உங்க வீட்லயும் ஒரு குழி இருக்கும், ஆனா அது பேருக்கு 3 அடி வெட்டி ஜல்லி கொட்டினதா இல்ல நெஜமாவே தண்ணி இறங்குதான்னு பத்து குடம் ஊத்தி பாருங்க. களிமண்ணா இருந்தா களியை தாண்டி மணல் வர்ற வரைக்கும் துளை போட்டாதான் குடிக்கும். குழி நிரம்பினா வழியறதுக்கு தெருப்பக்கமா ஒரு பைப்பும் வேணும்.

பேவர் கார் நிக்கிற 10க்கு 20 இடத்துக்கும் கேட்லேந்து வாசப்படி வரைக்கும் நடக்கிற பாதைக்கும் போதும், 350 சதுர அடிக்குள்ள முடிஞ்சிடும். பிளாக் 60 மில்லிமீட்டர் கனம், அதுக்கு கீழ கார் ஏர்ற இடத்துல நல்லா இடிச்ச ஜல்லிக்கலவை 4 இன்ச், அதுக்கு மேல மணல் 2 இன்ச், ஓரத்துல கர்ப் கல்லு, இதெல்லாம் 95 ரூபாய்க்குள்ள அடங்குதான்னு எழுதி வாங்குங்க. வெறும் மண் மேல மணலை தூவி பரப்பிட்டு போனா ஒரே மழைல டயர் தடம் பள்ளமாயிடும். முக்கியமா பேவர் போடறதுக்கு முன்னாடி பாதைக்கு குறுக்க ரெண்டு இடத்துல 2 இன்ச் பிவிசி பைப்பை காலியா புதைச்சு வைங்க, இதைத்தான் ஸ்லீவுன்னு சொல்வாங்க. அப்புறமா லைட் வயரோ சொட்டுநீர் டியூபோ அது வழியா இழுத்துக்கலாம். இதுக்கு சில நூறு ரூபாதான் ஆகும், ஆனா யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க. 4 அடி சந்துல பேவரே வேணாம், ஜல்லி பரப்பி நடுவுல கடப்பா கல்லு போட்டா போதும், தண்ணியும் இறங்கும்.

புல்லு ஆசை எல்லாருக்கும் இருக்கு, ஆனா 400 சதுர அடி புல்லுக்கு கத்திரி வெயில்ல ஒரு நாளைக்கு 180 லிட்டருக்கு மேல தண்ணி வேணும், அதுவும் நீங்க டேங்கர் லாரிக்கு போன் போடற மாசத்துல. வாசல்ல 80, 100 சதுர அடிக்கு போட்டு திருப்திப்பட்டுக்கோங்க. ஃபவுண்டனை அடிச்சிடுங்க, மோட்டார் ரிப்பேரான நாள்லேந்து அது கொசுத்தொட்டி. கோனோகார்பஸையும் அடிச்சிடுங்க, அலர்ஜி, வேர் பரவறதுன்னு புகார் வந்து குஜராத் 2023லயே தடை பண்ணிடுச்சு, தமிழ்நாடும் 2025ல தடை போட்டுச்சு. அதை இன்னும் கொட்டேஷன்ல எழுதறவர் கிட்ட மத்ததையும் ரெண்டு தடவை கேட்டுக்கறது நல்லது. பதிலுக்கு பின்பக்கம் எலுமிச்சை, கறிவேப்பிலை, மாதுளை, முன்னாடி நந்தியாவட்டை, பவழமல்லி. ஆள் உசர செடிக்கு ஆயிரக்கணக்குல கொடுக்காதீங்க, அரசு தோட்டக்கலைப் பண்ணைல சின்ன கன்னு கம்மி விலைக்கு கிடைக்கும், மூணாவது வருஷம் ரெண்டும் ஒரே உசரத்துல நிக்கும்.

ஆக 2 லட்சத்தை நான் பிரிச்சா, மண்ணுக்கும் இடிக்கிற கூலிக்கும் 60,000, மழைக்குழி பைப்புக்கு 28,000, பேவர் ஜல்லிக்கு 38,000, செடி உரம் புல்லுக்கு 22,000, குழாய் பாயிண்ட் ஸ்லீவுக்கு 10,000, லைட்டு நாலே நாலு 8,000. உங்க ஏரியா ரேட்டுக்கு முன்ன பின்ன ஆகும், அதுக்குன்னு 24,000 தொடாம வைங்க. மிச்சம் 10,000 மொத வருஷம் தோட்டக்காரருக்கும் எருவுக்கும், இதை யாரும் கணக்குல சேக்கறதே இல்ல. மண் வேலையை ஆவணிக்குள்ள முடிச்சு ஒரு மழைல நனைய விட்டு அமுங்கினப்புறம் பேவர் போடுங்க.

கேள்வி: தூத்துக்குடில கடலோரமா வீடு. போர் தண்ணி உப்பு, வெச்ச புல்லு ரோஜா எல்லாம் கருகிடுச்சு. மண்ணை மாத்தினா சரியாகுமா? எவ்வளவு செலவு?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மண்ணை மாத்தி அதே தண்ணியை ஊத்தினா புது மண்ணும் உப்பாயிடும், அந்த காசை தொடாதீங்க. மொதல்ல மண் பரிசோதனை நிலையத்துல மண்ணையும் தண்ணியையும் கொடுத்து பாருங்க, அதுக்கு பெருசா செலவாகாது. அப்புறம் உப்பு தாங்கற செடியா வைங்க: அரளி, காகிதப்பூ, பூவரசு, தென்னை, சப்போட்டா. தண்ணியை இலை மேல அடிக்காம வேர்ல விடுங்க. ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன்னு செடிக்கு ஊத்தறாங்க, அது போர் தண்ணியை விட உப்பு ஜாஸ்தி. மாடி மழைத்தண்ணியை ரோட்டுக்கு விடாம செடிப்பாத்திக்கு திருப்பி விட்டா வருஷத்துக்கு ஒரு தடவை உப்பு கழுவிக்கிட்டு கீழ இறங்கும், உங்க பட்ஜெட்ல முக்கால்வாசி அந்த பைப்புக்கு போனாலும் தப்பில்ல.

கேள்வி: தோட்ட வேலைக்கு பாதி பணம் அட்வான்ஸ் கேக்கறாங்க, கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: வேணாங்க. சாமான் இறங்கினதும் சாமானுக்கு, வேலை ஒவ்வொரு கட்டமா முடிய முடிய டேப் வெச்சு அளந்து அதுக்கு. கொட்டேஷன்ல 900 சதுர அடின்னு எழுதி 820 போட்டுட்டு போறவங்க உண்டு. கடைசி பத்து சதவீதத்தை மொத பெரிய மழை பெஞ்சப்புறம் தர்றேன்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க, நல்லா வேலை செய்யறவர் ஒத்துக்குவார்.