நல்ல மனம் இருந்தால் போதாதா? நூலகப் பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?

கேட்கப்பட்டிருக்கும் கேள்வி இது: மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள், வெளிமாநிலத்தவர் என யார் வந்தாலும் மதிப்போடு நடத்துவதற்கு நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தேவையா, இயல்பான நல்ல மனம் போதாதா?

போதாது. நல்ல மனத்தோடுதான் நான் ஒருவரை நூலகத்திலிருந்து விரட்டியிருக்கிறேன்.

காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் நூலகங்களில் உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டோடு சணல் கயிற்றில் ஒரு பேனா கட்டியிருக்கும். மெலிந்த, மலிவான பேனா. ஒரு நாள் காலை ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. அந்தப் பேனாவை எடுக்கப் பார்த்தார். அவருடைய வலக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்தன. பேனா நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது.

எனக்கு மனம் தாங்கவில்லை. "விடுங்கள் ஐயா, நான் எழுதிக்கொள்கிறேன். பெயர் சொல்லுங்கள்" என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார். காதில் சரியாக விழாததால் உரக்கத் திருப்பிச் சொன்னேன். "எந்த ஊர்?" என்று அதே குரலில் கேட்டேன். கரிகிரி மருத்துவமனைப் பக்கம் என்றார். அதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன். செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தார்கள். அவர் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார். நானும் அதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஐந்து நிமிடம் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தார். பிறகு மடித்து, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஐந்து மாதம் அவர் வரவில்லை.

இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கான பெரிய சிகிச்சை, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வந்து குணமடைந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பரவும் தன்மை போய்விடுகிறது. எங்கள் உறுப்பினர் ஒருவர் இயன்முறை சிகிச்சையாளர். நடந்ததை அவரிடம் சொல்லி வருந்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, அதைச் சுற்றி ஒரு கைக்குட்டையை இறுக்கிச் சுற்றி என் கையில் கொடுத்தார். "பருமனாக இருந்தால் மடங்கிய விரலிலும் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்" என்றார். அன்று சாயங்காலமே பழைய சைக்கிள் டியூபை வாங்கிக் கீறிப் பேனாவில் சுற்றி ஒட்டினேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்ட இடத்தில் தொடு உணர்வு இருக்காது, சூடு தெரியாது. மேற்குச் சன்னலோரம் எங்களுக்கு இரண்டு இரும்பு நாற்காலிகள் இருந்தன. வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலில் பிற்பகல் அவற்றைத் தொட முடியாது. தொட்டால் நாம் கையை எடுத்துவிடுவோம். உணர்வு இழந்தவர் எடுக்க மாட்டார், தோல் வெந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். இது எந்த நல்ல மனத்துக்குத் தானாகத் தெரியும்? யாராவது சொல்லித்தர வேண்டும். பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

இதில் சட்டமும் இருக்கிறது. தொழுநோயாளர்களை ஒதுக்கி வைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2016இல்தான். அதே 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களையும் சேர்த்து 21 வகை மாற்றுத்திறன்களைக் குறிப்பிடுகிறது. 21 வகைகளையும் திரையில் காட்டி வாசித்த பயிற்சி வகுப்பு ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். குறிப்பெடுத்தோம். மறுநாள் மேசைக்குத் திரும்பியபோது, அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவர் எதிரே வந்து நின்றால் முதல் வாக்கியம் என்ன பேசுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே பயிற்சி மேசையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதிவேடு, பேனா, நாற்காலி, படிவம், நம் குரலின் அளவு: நாள் முழுவதும் நம் கை படுகிற இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, "இது யாரைத் திருப்பி அனுப்புகிறது?" என்று கேட்க வேண்டும். எங்கள் உறுப்பினர் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒரு திருநங்கை அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது எந்தக் கட்டம் என்று நான் கேட்டேன். புத்தகம் இரவல் கொடுக்க அந்தத் தகவல் நமக்கு எதற்கு என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துவிட்டது, தமிழ்நாட்டில் 2008லேயே நல வாரியம் வந்துவிட்டது. எங்கள் மேசைக்கு மட்டும் செய்தி வந்து சேரவில்லை.

கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்லும் பயிற்சியை எல்லா இடத்திலும் விரும்பிச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு தடுமாறியவருக்கு மிஞ்சுவது பயமும் பரிதாபமும்தான். இருபது ஆண்டுகளாகப் பார்வையில்லாமல் வாழ்கிறவரின் திறமையில் ஒரு துளிகூட அதில் தெரியாது. எனக்குக் கிடைத்த மிக நல்ல பயிற்சியை நடத்தியவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். முதல் வேலையாகக் கணினியின் திரையை அணைக்கச் சொன்னார். பிறகு திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை இயக்கி, விசைப்பலகையை மட்டும் வைத்து ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து ஓடவிட்டார். தமிழை அவர் கேட்கும் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அன்று பார்வையுள்ள நாங்கள்தான் பின்தங்கினோம். அதன் பிறகு பார்வையற்ற மாணவர் ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்தால், "பிரெயில் புத்தகம் இல்லையே தம்பி" என்று அனுப்புவதை நிறுத்தினோம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், அச்சுப் புத்தகத்தைப் படிக்க இயலாதவர்களுக்காக அதை ஒலியாகவோ மின்வடிவிலோ மாற்றிக்கொள்ள வழிவிடுகிறது. இதையே உலக அளவில் சொல்லும் மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதல் நாடாக ஒப்புதல் கொடுத்தது இந்தியாதான். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அப்படி மாற்றிய புத்தகங்கள் இந்திய மொழிகளில் கிடைக்கின்றன. இதைத் தெரிந்துவைத்திருக்கும் நூலகர் ஒரு மாணவரின் ஓராண்டைக் காப்பாற்றலாம். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது சொல்கிறது. நாங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்த விதி அது. அந்த மாணவரை வைத்துத்தான் எனக்கு அதன் பொருள் விளங்கியது.

பிறகு வேலூர் நகரத்துக்குள் மாற்றலாகி வந்தேன். 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை இடம் இன்று சி.எம்.சி. மருத்துவமனையாக நிற்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வாரக்கணக்கில் லாட்ஜ்களில் தங்குகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் கடைப் பலகைகள் வங்காள எழுத்திலும் இருக்கும். ஒரு நாள் அப்படி ஒருவர், எக்ஸ்ரே உறையும் மருத்துவக் கோப்பும் வைத்த துணிப்பையோடு நூலகத்துக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். படிக்காதவர்கள் உட்காரக் கூடாது என்று என் சக ஊழியர் சைகையில் சொன்னார். அவர் எழுந்து போய் ஒரு தமிழ் வார இதழை எடுத்துவந்து பிரித்து வைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தார், ஒரு பக்கமும் புரட்டவில்லை. துரத்திவிடுவார்களோ என்ற பயத்தில், படிக்கத் தெரியாத மொழியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மனிதர் என் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்த வாரமே லாட்ஜில் வேலை பார்க்கும் ஒரு பையனை அழைத்து வங்காளத்திலும் இந்தியிலும் ஓர் அட்டை எழுதச் சொன்னோம். "இங்கே உட்காரலாம். தண்ணீர் இடப்பக்கம். கழிப்பறை பின்னால். கைப்பேசிக்குச் சார்ஜ் போடலாம்." நான்கே வரி. யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சம்மேளனமும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கை, வயது, இனம், பால், மதம், நாடு, மொழி, சமூக நிலை எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் சமமான சேவை என்கிறது. 2022இல் அதைப் புதுப்பித்தும் விட்டார்கள். எங்கள் நூலகத்தில் அந்த அறிக்கை நடைமுறைக்கு வந்தது அந்த அட்டையில்தான்.

"வரி கட்டுகிறவர்களுக்கு இடமில்லாமல் போகிறதே" என்று ஒரு வாசகர் குறைபட்டுக்கொண்டார். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். நமது மாநிலத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதலாவது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. அந்த லாட்ஜ் அறை வாடகைக்குள்ளும் அந்தக் காசு இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, தன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு நூலக நேரம் ஒத்துவருவதில்லை, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருதுப் பத்திரிகை கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இவை தனித்தனியாக எழுத வேண்டியவை.

இனி பணியாளர்களைப் பற்றி. இந்தப் பேச்சில் எல்லோரும் விட்டுவிடும் இடம் இது. ஊர்ப்புற நூலகங்களிலும் பகுதிநேர நூலகங்களிலும் பெரும்பாலும் ஒரே ஆள், பல இடங்களில் ஒரு பெண். குடித்துவிட்டு ஒருவன் உள்ளே வந்து கத்தினால் அவள் என்ன செய்வாள்? எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்கு அப்படி நடந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். அவளுக்கு வந்தது, நூலகத்தை நேரத்துக்கு முன்பே மூடியது ஏன் என்று விளக்கம் கேட்கும் குறிப்பாணை. "அக்கா, இனிமேல் யார் வந்தாலும் நான் தலை நிமிரப் போவதில்லை" என்று என்னிடம் அழுதாள். அவளிடம் போய் அரவணைப்பைப் பற்றி வகுப்பெடுப்பது கொடுமை. கத்துகிறவருக்கும் வாசலுக்கும் நடுவே நிற்காதே, குரலைத் தாழ்த்து, எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில், ஆபத்து என்று தோன்றினால் மூடிவிட்டு வெளியேறு: இவற்றையும் பயிற்சியில் சொல்ல வேண்டும். அப்படி மூடினால் கேள்வி கேட்க மாட்டோம் என்று மேலதிகாரி எழுத்தில் தர வேண்டும். தானே பயந்துகொண்டிருக்கும் ஒருத்தியால் பிறருக்கு எப்படி இடம் கொடுக்க முடியும்?

சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் 2009இல் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரையே வேலைக்கு அமர்த்தினார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் வைத்திருக்கிறோம்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல உதவிக்கு 14416. மருத்துவர் வேலையும் காவலர் வேலையும் நமக்கு வேண்டாம். எந்த எண்ணை அழைப்பது என்று தெரிந்து, அழைத்துக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

அந்த வெள்ளை வேட்டிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தார். நான் எதுவும் பேசவில்லை. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, டியூப் சுற்றிய பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது நின்றது. பெயரை எழுத ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று விட்டேன். சன்னலோர இரும்பு நாற்காலிகளின் இடத்தில் மர பெஞ்சு போட்டிருந்தோம். அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். போகும்போது, "சரித்திர நாவல் எந்த அலமாரி அம்மா?" என்று கேட்டார்.

நீங்கள் உங்கள் ஊரில் பயிற்சி நடத்துவதாக இருந்தால், மண்டபத்தில் நடத்தாதீர்கள். எங்களுக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையிலும் வேண்டாம். நூலகம் திறந்திருக்கும் நாளில், வாசகர்கள் வந்துபோகும்போது, மேசைக்குப் பக்கத்திலேயே நடத்துங்கள். சொல்லித்தர வருகிறவருக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் கொடுங்கள். பார்வையற்றவர், காது கேளாதவர், கை மடங்கியவர் இலவசமாக வந்து பாடம் நடத்திவிட்டுப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னும் நம்மிடம் இருக்கும் பழக்கம்.