நம்ம கடையில் விற்கிறது, ஐரோப்பாவில் ஏன் தடை?

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் மிளகாய் போடுகிறோம். ஏற்றுமதி வியாபாரி சாம்பிளை லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து இருக்கிறது, ஐரோப்பாவுக்குப் போகாது என்று லோடையே வேண்டாமென்றுவிட்டார். மேன்கோசெப் என்ற பூஞ்சை மருந்தும் அங்கே தடையாம். ரெண்டும் நம்ம ஊர் பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கிறதே, அவர்கள்தான் ரொம்பப் பயப்படுகிறார்களா?
- ஒரு வாசகி, வாடிப்பட்டி

பதில்: பயத்துக்குக் காரணம் இருக்கிறதம்மா. குளோர்பைரிபாஸ் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கலாம், மரபணுவைப் பாதிக்கும் என்ற சந்தேகமும் தீரவில்லை, அதனால் "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று ஓர் அளவே சொல்ல முடியாது என்று 2019-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2020-ல் அனுமதி போனது. உணவில் இருக்கக்கூடிய வரம்பும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் ஆனது. அதாவது 100 டன் மிளகாய்க்கு ஒரு கிராம்! நீங்கள் அடிக்காமல் பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்தாலும் மாட்டிக்கொள்ளலாம்.

மேன்கோசெப் விவகாரம் வேறு. அது சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டு சுரப்பைக் குலைக்கிறது, கர்ப்பிணியின் தைராய்டு குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குத்தான் கேடு. இப்படி ஹார்மோனைக் குழப்பும் மருந்துக்கு அனுமதி இல்லை என்பது அவர்களின் 2009-ஆம் வருடச் சட்டம், அநேகமாக அளவு பற்றிய பேச்சுக்கே அதில் இடமில்லை. நம்ம டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மருந்து உள்ளே போனால் எவ்வளவில் உயிருக்கு ஆபத்து என்பதைத்தான் அந்த நிறம் காட்டும், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்து ஹார்மோனைக் கெடுப்பது அதில் தெரியவே தெரியாது. பச்சையைப் பார்த்துவிட்டு வெறுங்கையால் கலக்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதற்காக ஐரோப்பாவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். எது ஹார்மோன் கெடுப்பான் என்பதற்கான அளவுகோலை 2013 டிசம்பருக்குள் வகுத்திருக்க வேண்டும், ஃபைல் நகரவில்லை. ஸ்வீடன் வழக்குப் போட்டு 2015-ல் நீதிமன்றம் குட்டிய பிறகும் அது அமலுக்கு வர 2018 ஆனது. தன் வயலில் தடை செய்ததை அடுத்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அவர்கள் சட்டம் இன்னமும் இடம் கொடுக்கிறது, இதற்கு என்ன சொல்வது? இங்கே 2020-ல் 27 மருந்துகளைத் தடை செய்ய மத்திய அரசு வரைவு போட்டது. இந்த ரெண்டும் அதில் இருந்தன. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது முழுசாகத் தடையானது டைகோபால், டைனோகேப், மெத்தோமில் என்ற மூன்றுதான்.

அடுத்த பட்டத்துக்கு நாற்று விடுவதற்கு முன்பே வியாபாரியிடம் எதெல்லாம் கூடாது என்று எழுதி வாங்கிவிடுங்கள், மாற்று மருந்துக்கு மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் கேளுங்கள். என்றைக்கு எதை அடித்தோம் என்று ஒரு நோட்டும் போடுங்கள். அப்புறம், வீட்டில் கர்ப்பமாக இருப்பவர்களை மருந்து கலக்கவோ, அடித்த வயலில் களை எடுக்கவோ விடாதீர்கள், மிளகாய் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போனாலும் சரி, ஐரோப்பாவுக்குப் போனாலும் சரி.

கேள்வி: கொசுவத்தி, எலி மருந்துக்கும் அங்கே இதே சட்டமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: அதற்குத் தனிச் சட்டம், 2012-ல் போட்டது. கிருமிநாசினி, மரத்துக்குப் பூசும் மருந்து எல்லாம் அதில் அடக்கம். ஹார்மோன் விதி இதிலும் உண்டு, ஆனால் பெரிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் விலக்குத் தருவார்கள். நம்மிடம் கொசுவத்தியும் வயல் மருந்தும் 1968-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஒன்றுக்குள்தான் வருகின்றன.