முள் சரியாகத்தான் காட்டுகிறது, ஃபேன் ஏன் இஷ்டத்துக்கு ஓடுகிறது?

கேள்வி: என்னுடையது 2004 மாடல் பெட்ரோல் கார், எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் பீய்ச்சும் வகை). ஊர் திசையன்விளை பக்கம். சில நாள் காலையில் சாவியைத் திருப்பியதுமே, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன்பே ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்துவிடுகிறது. வேறு சில நாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெரிசலில் மீட்டர் முள் மேலே ஏறியும் ஃபேன் வருவதில்லை. மைலேஜ் ரொம்பக் குறைந்துவிட்டது, சைலன்சர் வாயில் கரி படிகிறது. டெம்பரேச்சர் சென்சார் என்று ஒன்றை மாற்றினோம், பலன் இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனுக்கு டைரக்டாக ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா அண்ணாச்சி?

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. முதலில், நீங்கள் மாற்றிய சென்சாரில் எத்தனை ஒயர் என்று பாருங்கள். ஒற்றை ஒயர்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

உங்கள் காலத்து வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை, அதாவது இன்ஜின் சூடேறும் வரை குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வின் கூட்டை, ஒட்டி ரெண்டு சென்சார் உண்டு. ஒற்றை ஒயர் உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கு மட்டும். அதன் பித்தளை உடம்பே அதற்கு எர்த். ரெண்டு ஒயர் கனெக்டர் உள்ளதுதான் ஈசிஎம்முக்கு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சூடு எவ்வளவு என்று சொல்வது. பெட்ரோல் எவ்வளவு பீய்ச்ச வேண்டும், ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்பதெல்லாம் இந்த ரெண்டாவது சென்சாரை நம்பித்தான். நெரிசலில் முள் ஏறுகிறது என்றால் முள்ளின் சென்சார் தன் வேலையைச் செய்கிறது. ஃபேன் வரவில்லை என்றால் மற்றதன் வழியில்தான் கோளாறு.

வழியில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சென்சார் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற ஜாதி. பல கம்பெனிச் சென்சார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 30 டிகிரியில் 1,700, 80 டிகிரியில் 320, 100 டிகிரியில் 190 ஓம் என்ற அளவில் இருக்கும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், உங்கள் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. இப்போது கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்து அதுவே ஒரு 2,000 ஓம் சேர்த்துவிடுகிறது என்று வையுங்கள். இன்ஜின் 80 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டருக்குப் போவது 2,320 ஓம். அதற்கு அது மார்கழி விடியற்காலை. 'இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது' என்று பெட்ரோலை அள்ளி ஊற்றும், ஃபேனை எழுப்பவே எழுப்பாது. மைலேஜ் போனதும் கரி படிந்ததும் இப்படித்தான். அதே கனெக்டர் ஒரு நாள் முழுக்க விட்டுப்போனால், சூடே தெரியாத கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனைச் சாவி போட்டதுமே ஓடவிடும். ஆக, ஒன்றுக்கொன்று எதிராகத் தெரிகிற உங்கள் ரெண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்த்து எரர் கோடு வரவில்லை என்று யாராவது சொன்னாலும் ஏமாற வேண்டாம். பெரும்பாலும் ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் கோடு வரும். களிம்பு சேர்க்கிற பொய்க்கணக்கு கம்ப்யூட்டருக்கு நம்பத்தகுந்த எண்ணாகவே தெரியும்.

உவரிக் கடற்காற்று வீசுகிற ஊரில் கனெக்டர் களிம்பேறுவது அதிசயமில்லை. கார் நிறுத்துகிற ஷெட்டில் எலி இருந்தால் ஒயரையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டரில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் சென்சார் முனை கூலண்டில் நிற்காமல் காற்றில் நிற்கும், அப்போது அது சொல்வதற்கு அர்த்தமே கிடையாது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அடுத்து, சாவி அணைந்திருக்க, ரெண்டு ஒயர் கனெக்டரைப் பிடுங்கிச் சென்சாரின் ரெண்டு பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். நம்மூர்க் காலைச் சூட்டுக்கு 1,700-லிருந்து 2,000-க்குள் காட்டினால் சென்சார் பெரும்பாலும் குற்றமற்றது. சந்தேகம் தீரவில்லையா? கழற்றி, பித்தளை முனையை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் முக்குங்கள். எண் சீராக இறங்கி 200-க்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். நடுவில் குதித்தால் அது செத்த சென்சார்.

பிறகு ஒயர் பக்கம். கனெக்டர் கழன்றபடி இருக்க, சாவியை ஆன் செய்யுங்கள். ஃபேன் சட்டென்று ஓடலாம், கையையும் வேட்டியையும் தள்ளி வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைக் கனெக்டரின் ஒவ்வொரு துளையிலும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் சுமார் 5 வோல்ட், மற்றதில் பூஜ்யம். இத்தோடு நிறுத்தாமல் ரெண்டு துளைக்கும் நடுவேயும் அளந்து பாருங்கள். அங்கேயும் அதே 5 வோல்ட் வந்தால்தான் எர்த் ஒயர் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற இடம் இது.

சென்சாரும் சரி, 5 வோல்ட்டும் சரி என்றால் மிச்சம் கனெக்டர்தான். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பின் தளர்ந்திருந்தாலோ பூட்டுக் காது உடைந்திருந்தாலோ ஒயரோடு சேர்ந்த புதுக் கனெக்டர் ஸ்பேர் கடைகளில் கிடைக்கும். சாலிடர் வைத்து ஸ்லீவ் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கு இதே கேள்வியோடு வருவீர்கள்.

சென்சாரையே மாற்றும்படி ஆனால் புது வாஷரோ ஓ-ரிங்கோ போட்டு அளவாக முறுக்குங்கள். அலுமினிய ஹவுசிங்கில் மரை போனால் செலவு வேறு மாதிரி. ஒற்றை ஒயர்ச் சென்சாருக்கு டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. டேப் தடிமனானால் எர்த் கிடைக்காமல் முள் பொய் சொல்லும். கூலண்ட் ஊற்றியபின் ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் வைத்து, ஃபேன் ரெண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். மறுநாள் காலை மட்டம் பார்த்து நிரப்புங்கள்.

கூலண்ட் என்று சொல்கிறேன், தண்ணீர் என்று சொல்லவில்லை. உங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு சென்சார் முனையில் படிந்தால், சூடு அதற்குத் தாமதமாகத்தான் எட்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனாலும் ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலண்டுதான்.

மெக்கானிக் சொன்ன வைத்தியத்துக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின், நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் ஓடும்போது வேண்டிய சூட்டை எட்டாமலே ஓடும். கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும், இப்போதைய நோய் நிரந்தரமாகும். ஃபேன் சுவிட்ச், வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர மட்டும் ஆகும். அதைப் போட ஒரு நாள் மறந்து இன்ஜின் கொதித்தால், அதன் தலைப்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கட்டுக்கு யார் பொறுப்பு?

இதையெல்லாம் பார்த்தும் அந்த 5 வோல்ட் வரவே இல்லை என்றால், கனெக்டரிலிருந்து ஈசிஎம் வரை ஒயரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று நல்ல எலெக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அதை அளக்காமல் 'ஈசிஎம் போச்சு' என்று விலை சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.