வாரைப் பூட்டாத ஹெல்மெட்

கேள்வி: ஹெல்மெட் போடுவதும் மாத்திரை சாப்பிடுவதும் அவரவர் விருப்பம்தானே? அரசும் டாக்டர்களும் எதற்காக வற்புறுத்த வேண்டும்? இதில் உங்களுக்கு வருத்தம் ஏதாவது உண்டா?

விருப்பத்தை மதிக்கிறவன்தான் நானும். எங்கள் ஆச்சிக்கு 86 வயதில் இதய ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் நிதானமாகக் கேட்டாள். செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் எத்தனை நாள் படுக்கை என்று துருவித் துருவி விசாரித்தாள். பிறகு, "வேண்டாம் ஐயா, நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். அதன்பின் இரண்டு வருடம் இருந்தாள். அதை விருப்பம் என்று சொல்வேன். நான் பல வருடம் செய்துகொண்டிருந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

திருநெல்வேலி டவுனில் வீடு, பாளையங்கோட்டையில் வேலை. நடுவே தாமிரபரணி. வழியில் போலீஸ்காரர்கள் எங்கெங்கே நிற்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்போது ஹெல்மெட் தலைக்கு ஏறும். தாண்டியதும் பெட்ரோல் டேங்கின் மேல் வந்து உட்காரும். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அது தலையில் நிலைத்தது. அப்போதும் வாரைப் பூட்ட மாட்டேன். வெயிலில் கழுத்து கசகசக்கிறது என்று காரணம் சொல்வேன். வார் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான காரணம்.

2023 ஆவணியில், பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மனைவி கல்யாண வீட்டிலேயே தங்கிவிட்டாள். வண்ணார்பேட்டையைத் தாண்டி, சுலோச்சன முதலியார் பாலம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தது. வேகம் முப்பதுதான் இருக்கும். சாலையோரம் கிடந்த மணலில் சக்கரம் வழுக்கியது. நான் கீழே விழுவதற்கு முன்பே ஹெல்மெட் என்னைவிட்டுக் கழன்று, எனக்கு முன்னால் உருண்டு போனது. அதைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த கணம் நெற்றி தடுப்புக்கல்லில் மோதியது. டீக்கடையிலிருந்து ஓடி வந்த ஒருவர் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "அண்ணாச்சி, இதற்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்களுக்குத்தான் ரத்தம் வருகிறது."

ஒன்பது தையல். கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில், எந்தச் சட்டத்தை ஏமாற்றினேன் என்று எடுத்துப் படித்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 129ஆவது பிரிவு. ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்கிறது. அதோடு விடவில்லை, வாரால் தலையோடு உறுதியாகப் பிணைத்திருந்தால்தான் அது தலைக்கவசம் என்றும் விளக்கம் சொல்கிறது. அந்தக் கணக்கின்படி அத்தனை நாளும் நான் ஹெல்மெட்டே போட்டிருக்கவில்லை.

மாத்திரைக் கதையும் அதே இரவில்தான் வெளிப்பட்டது. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது முன்பே தெரியும். மாத்திரையை நினைத்தால் போடுவேன், மறந்தால் விடுவேன். சாயங்காலமானால் டவுன் தெருவில் நெய் மணக்கிறது. கொஞ்சம் அல்வா சாப்பிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னதாக முனிவராகிவிடுவேன். இனிப்பு கிடையாது, சோறு பாதி, மாத்திரை வேளை தவறாது. வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை 118 என்று வரும். டாக்டரும் சரி என்பார், நானும் ஜெயித்தவனைப் போல வீடு திரும்புவேன். விழுந்த இரவு அந்த ஏற்பாட்டுக்கு அவகாசம் இல்லை. வயிற்றில் கல்யாணச் சாப்பாடும் இரண்டு துண்டு அல்வாவும் இருந்தன. 286 என்று காட்டியது. தையல் போட்ட டாக்டர் சந்தேகப்பட்டு எச்பிஏ1சி எடுக்கச் சொன்னார். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் சோதனை இது. கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படி வாழ்ந்தோம் என்பதைச் சொல்லிவிடும். 6.5 வந்தாலே சர்க்கரை நோய் என்பார்கள், எனக்கு 9.1. "மூன்று நாள் விரதத்துக்கெல்லாம் இது மயங்காது" என்றார் அந்த டாக்டர். அவரிடம் நான் விரதத்தைப் பற்றி மூச்சுகூட விடவில்லை!

இதனால் எல்லா விதிக்கும் தலையாட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திருப்பத்தில் மறைந்து நின்று திடீரென்று நடுரோட்டில் பாய்ந்து வண்டியை மறிக்கிறார்களே, அது விபத்துக்கு வழி. வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைக்கு யாரிடம் அபராதம் கேட்பது? ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியையே ஒரு முழம் தள்ளி வைக்கும். சாலையோரம் 250 ரூபாய்க்கு விற்கிற சட்டியை மாட்டிக்கொண்டு அங்கே போனால் அது காற்றோடு போய்விடும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது. விற்கிறவரை விட்டுவிட்டு, வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவனைப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வருத்தம் கேட்டீர்கள். நெற்றித் தழும்பு அதில் சேராது. இருபது வருடத்துக்கும் மேலாக என் மனைவி எனக்குப் பின்னால், ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் பையோடு, வெறுந்தலையாக உட்கார்ந்து வந்திருக்கிறாள். எனக்கு மூன்று ஹெல்மெட் மாறிவிட்டன. அவளுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் ஒருநாளும் வரவில்லை. கொண்டையும் பூவும் இருக்கிறதே, எப்படிப் போடுவாள் என்று அவளைக் கேட்காமல் நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அன்று இரவு அவள் கல்யாண வீட்டில் தங்காமல் என்னோடு கிளம்பியிருந்தால்? தையல் போடும்போது மருந்து தடவியும் அந்த எண்ணம் வலித்தது.

கட்டுப் பிரித்த மறுநாளே கடைக்குப் போனோம். அவள் ஐந்தாறு போட்டுப் பார்த்து, கொண்டையைப் பின்னலாக மாற்றிக்கொண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இப்போது வண்டியில் ஏறியதும் தன் வாரைப் பூட்டிவிட்டு, என்னுடையது 'டக்' என்று பூட்டும் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். அது கேட்ட பிறகுதான் போகலாம் என்று முதுகில் தட்டுவாள். கல்யாணங்களுக்குப் போகும்போது பூவை வாழை இலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள். மண்டபத்து வாசலில் நான் ஸ்டாண்டு போட்டதும் வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, பூவைச் சூடிக்கொண்டு உள்ளே போகிறாள். திரும்பி வரும்போது அந்தக் கண்ணாடியைச் சரிசெய்வது என் வேலை.