வாசகர் கேள்வி – பதில்: ஊர்க்குளமும் பாபநாசம் படித்துறையும்

கேள்வி: சேரன்மகாதேவி அருகே ஒரு கிராமத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறோம். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5ஆம் தேதி இரண்டு ஆண்டுகளாகக் குளத்தங்கரையில் மரக்கன்றுகள் நட்டோம். ஆடி முடிவதற்குள் எல்லாம் கருகிப் போயின. எங்களைப் போன்றவர்களால் நிலைத்து நிற்கும்படி ஏதேனும் செய்ய இயலுமா?

பதில்: இயலும், சகோதரி. கன்றுகள் கருகியதற்கு உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். நட்ட காலம்தான் பொருந்தவில்லை. குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில், மழையை மலையிலேயே இறக்கிவிட்டு வரும் காற்றுதான் நம் சமவெளியில் வீசுகிறது. நமக்குரிய பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. ஆகவே கன்று நடுவதைப் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அதைவிட எளியது பனை. ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, மழைக்கு முன் கரையின் வெளிச்சரிவில் ஊன்றிவிட்டால் போதும். பனையின் முளை முதலில் கீழே இறங்கி மண்ணுக்குள் வேர்கொண்ட பிறகே மேலே ஓலை விடும் என்பதால், குடம் குடமாக நீர் சுமக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

ஆயினும் மரத்தைக் காட்டிலும் குளமே உங்கள் குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1994இல். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வந்தது 2022இல். அரசின் பலகை நடப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவ்வூர் மக்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். கூழைக்கடாக்களும் நாரைகளும் குளத்துக் கருவை மரங்களில் மட்டுமன்றி, வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன; பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே ஊரார் விட்டிருக்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாவதை அவர்கள் தலைமுறைகளாகக் கண்டு வருகிறார்கள். தம் பிழைப்போடு பிணைந்த ஒன்றை எந்த ஊரும் எளிதில் கைவிடாது. உங்கள் ஊரிலும் அந்தப் பிணைப்பைத் தேடிப் பிடிப்பதுதான் முக்கியம் என்று கருதுகிறேன்.

முதலில் குளம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் குளங்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். பிசான நெல் அறுவடை முடிந்து குளம் வற்றும் பங்குனி, சித்திரையில், நீர் வரும் வரத்துக்கால் தொடங்கி, வயலுக்கு நீர் திறக்கும் மடை, மிகுநீர் வழியும் மறுகால் வரை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நடந்து பாருங்கள். எந்த இடத்தில் கால்வாய் தூர்ந்திருக்கிறது, எந்தத் தெருவின் சாக்கடை குளத்தில் விழுகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி, கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வருவதற்கும் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு வருவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. வண்டல் எடுக்க விரும்பும் விவசாயிகள் வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து முறையான அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். தூர்வாருகிறோம் என்று நாட்டுக் கருவை மரங்களையும் சேர்த்து வெட்ட யாரேனும் முனைந்தால் தடுத்துவிடுங்கள். அவை பறவைகளின் குடியிருப்பு.

கேள்வி: பாபநாசத்தில் தர்ப்பணம் செய்து குளிப்பவர்கள் உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். தனி ஒருவனாக நான் என்ன செய்வது? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. பருத்தி வேட்டியாவது காலப்போக்கில் மட்கும். இன்றைய பாலியஸ்டர் துணி மட்காது. பாறை இடுக்கில் சிக்கி, குளிப்பவர் காலைச் சுற்றி, மிச்சம் கீழே உள்ள அணைக்கட்டுகள் வரை போய்ச் சேருகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆற்று நீரைத்தான் திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் குடிக்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர்களைப் படித்துறையில் நிறுத்தி அறிவுரை சொன்னால் துக்கத்தில் இருப்பவர் மனம் நோகும். உங்கள் உறவில் யாருக்கேனும் சடங்கு வரும்போது, சடங்கு செய்து வைப்பவரிடம் முன்கூட்டியே பேசி, ஈரத்துணியை வாங்கி வைக்க ஒரு பெரிய துணிப்பையும் நீங்களே கொண்டு செல்லுங்கள். அவர் வாயால் “துணியைக் கரையில் வையுங்கள்” என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வீட்டாரில் எவரும் மறுக்கமாட்டார்கள்.