எம்.எஸ்சி., பி.எட். முடித்த நான் தொடக்கப் பள்ளி ஆசிரியராக மறுபடியும் டிப்ளமோ படிக்க வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன், ஊர் நெல்லிக்குப்பம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத்தான் ஆசை. அமெரிக்காவில் என் சித்தி மகள் ஒரு முதுநிலைப் படிப்பு முடித்து தொடக்கப் பள்ளி ஆசிரியராகிவிட்டாள். இங்கே என்னை டிப்ளமோ படிக்கச் சொல்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம்தான் என்பேன். பி.எட். படித்தவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் எம்.எஸ்சி. கணிதம், பி.எட். இரண்டும் முடித்துவிட்டு, அதற்கப்புறம் வடலூரில் டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி டிப்ளமோவில் சேர்ந்தவள்தான்.

முதலில் சட்டம். பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தலாம், வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாதப் பயிற்சி எடுத்தால் போதும் என்று 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பி.எட். பெரியதா, டிப்ளமோ பெரியதா?" என்று பலர் கொதித்தார்கள். யார் பெரியவர் என்பது அந்த வழக்கே இல்லை. பி.எட். மேல் வகுப்புகளுக்கான பயிற்சி. எழுத்தே தெரியாமல் வந்து உட்காரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று அதில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்போது பேச்சு கிளம்பியிருக்கும். "எம்.எஸ்சி. படிச்சிட்டு பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களோட போய் உட்காரப் போறியா?" என்று என் மாமா கேட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா டிப்ளமோ பற்றி வாயே திறக்கவில்லை. வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

கற்பித்தல் பயிற்சிக்குக் கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளிக்குப் போனேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பதினான்கு எழுதச் சொன்னால் சிலேட்டில் 104 என்று எழுதுவான். பத்து எழுதி, பக்கத்தில் நான்கு. அவன் கணக்கில் அது சரி. அதே பையன் கடைக்குப் போனால் சில்லறையைக் காசு பிசகாமல் எண்ணி வாங்கி வருவான். நான் கரும்பலகையில் ஒன்றுகள், பத்துகள் என்று கட்டம் போட்டு விளக்கினேன். தலையாட்டிவிட்டு மறுபடி 104 எழுதினான்.

அந்தப் பள்ளியின் மூத்த டீச்சர் ஒரு பிடி ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் கொண்டுவந்து கொடுத்தார். "நீ கட்டிக் காட்டாதம்மா, அவனைக் கட்டச் சொல்லு" என்றார். பத்துக் குச்சியை எண்ணி அவனே கட்டினான். நான்கு குச்சி தனியாகக் கிடந்தது. கட்டு எத்தனை என்றேன், ஒண்ணு என்றான். தனிக்குச்சி எத்தனை என்றேன், நாலு என்றான். கொஞ்ச நேரம் சிலேட்டையே பார்த்தான். யாரும் சொல்லாமலே எச்சில் தொட்டு நடுவில் இருந்த பூஜ்யத்தை அழித்தான். எம்.எஸ்சி.யில் நல்ல மதிப்பெண் எடுத்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

உங்கள் சித்தி மகள் கதைக்கு வருவோம். அங்கே பட்டதாரிகளுக்கென்று தொடக்கக் கல்வியிலேயே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, சின்னப் பிள்ளைகளுக்கான கணக்கு, பள்ளியில் பயிற்சி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கூடவே மாநில உரிமமும் வாங்க வேண்டும். பெயர்தான் முதுநிலை. நாம் டி.எல்.எட்.டில் படிப்பதைத்தான் அவளும் படித்திருப்பாள். பட்டதாரிகளுக்கு இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பயிற்சியே இல்லாமல் விடச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

படித்தால் வேலை உறுதியா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் முதல் தாளில் தேர்ச்சி பெற வேண்டும், அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர்கள் என்று அழைக்கப்படும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு 2024 ஜூலையில் நடந்தது. சம்பளத்திலும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், அன்றைக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 5,200 என்று நிர்ணயித்தார்கள். அதே வகுப்பு, அதே வேலை. அதற்காக ஆசிரியர்கள் எத்தனை முறை சென்னையில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். இப்போது தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறீர்களா? உங்கள் அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன? பி.எட். முடித்ததும் நான் சேர்ந்த ஒரு மெட்ரிக் பள்ளியில் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். மே மாதம் சம்பளமும் கிடையாது. டிப்ளமோ சேர வேண்டும் என்று கேட்டபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார்கள். நாம் படித்து வாங்கிய மதிப்பெண் பட்டியலை நமக்கே பணயமாக வைப்பது எந்த ஊர் நியாயம்? அப்பா நகையை அடகு வைத்துப் பணம் கட்டித்தான் மீட்டார். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

டி.எல்.எட். சேர்க்கைக்குப் பார்ப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான், எம்.எஸ்சி.யை இல்லை. பொதுவாக பிளஸ் டூ முடிவுகள் வந்த பிறகுதான் விண்ணப்பம் வெளியாகும். அதற்கு முன்பே உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கட்டும். பள்ளியில் கேட்டால் வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிவிடுங்கள்.